ஐப்பசியில் கழித்த மாமரம்

வீட்டில் எனக்கும் பாகம் வேண்டும் என்று அண்ணன் மோகன்ராஜிடம் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை, கறிச்சோறு முடிந்து எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்த நேரம். அதைமட்டும் வாய்விட்டுக் கேட்கவே கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். கேட்டதில் எனக்கு வெட்கமில்லை. இன்றும் இல்லை.

"இன்னாடி, காலேஜுக்குப் போனா சட்டம் பேசுவியா? அப்பா இன்னா சொல்லிட்டுப் போனாரு? அந்த மாமரம் காய்ச்சிக்கினு கீற வரைக்கும் வூட்டைப் பிரிக்கக் கூடாதுன்னாரா இல்லியா?"

சொன்னார்தான். ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் நிலமெல்லாம் மனைகளாகப் போனபின் மிஞ்சியது இந்த வீடும் அந்த மரமும். அம்மா அண்ணன் பக்கம் தலையாட்டினாள்.

எங்கள் வீட்டில் முதலில் டிகிரி வாங்கியவள் நான். தோட்டக்கலை. பக்கத்துக் காலனியில் மரம் வைத்திருப்பவர்கள் என்னைத்தான் கேட்பார்கள். நானும் ஒழுங்காகவே சொல்வேன். மாமரத்தில் காய்ப்பு முடிந்த கையோடு கிளைகளைக் கழிக்க வேண்டும். அடைமழைக்குள் வெட்டுவாய் ஆறிவிடும். கால்பங்குக்கு மேல் கைவைக்கக் கூடாது. கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் மோதிரம்போல ஒரு வீக்கம் இருக்கும். அதை விட்டுவிட்டு, அதற்கு வெளியே அறுக்க வேண்டும். அங்கிருந்துதான் புதுப்பட்டை வளர்ந்து காயத்தை மூடும். எப்படிப் பிழைக்கும் என்று தெரிந்தவளுக்கு எப்படிச் சாகும் என்றும் தெரியும்.

ஐப்பசியில், சருகு விழுந்து தண்ணீர்த்தொட்டி அடைக்கிறது என்று அண்ணி சந்திரிகா சலித்துக்கொண்டாள். "தண்டத்துக்குப் படிச்சே. மரத்தையாவது கழிச்சு வுடு," என்றான் அண்ணன். மழை விட்டிருந்த ஒரு காலையில் கழித்தேன். பாதிக்கு மேல். வீக்கத்தையும் சேர்த்து அடிமரத்தை ஒட்ட அறுத்தேன்.

"தச்சன் இழைச்ச மாதிரி கீதுடி," என்று அண்ணி மெச்சினாள். எங்கள் பக்கத்தில் வழவழவென்று வெட்டினால் சுத்தமான வேலை. மேலே சாணி அப்பிவிட்டால் மரத்துக்கு மருந்து. அம்மாவே கரைத்துக் கொடுத்தாள்.

ஒரு பெரிய கிளையை மட்டும் விட்டேன். பின்பக்கத்தில் ஷீட் கூரை போட்ட அறையின்மேல் நீண்டிருந்த கிளை. அண்ணன் மதியம் தூங்கும் அறை அது. கிளையின் முதுகில் ரம்பத்தைப் பாதி ஆழம் இறக்கி, அங்கேயும் சாணி அப்பினேன். கீழிருந்து பார்த்தால் தெரியாது. அவனைக் கொல்ல நினைக்கவில்லை. விழுந்தால் பயப்படுவான், மரமே வேண்டாம் என்பான். அவ்வளவுதான்.

அடுத்த வாரம் அவன் முன்னறையை வாடகைக்கு விட்டான். அம்மாவின் கட்டில் ஷீட் அறைக்குப் போனது. "பாத்துப் புடிடி, செவுத்துல இடிக்கப் போவுது," என்றாள் அம்மா. தலைமாட்டுப் பக்கத்தை நான்தான் தூக்கிப்போனேன்.

சொல்ல நினைத்தேன். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அதன்பின் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. துணி காயப்போடுவதுபோல் பின்பக்கம் போவேன், கிளை தாழ்ந்திருக்கிறதா என்று பார்ப்பேன், உள்ளே வருவேன், மறுபடி போவேன். ஆனால் சொல்லவில்லை.

கார்த்திகையில் ஒரு நாள் மதியம் காற்றடித்தது. அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் காற்றைத் திட்டினார்கள். காரியம் முடிந்த அன்று அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "பாகந்தானேடி கேட்டே? எடுத்துக்கோ. அம்மா இல்லாத வூடு எனக்கு எதுக்கு?"

செருப்பை மாட்டினேன். வக்கீல் கிழக்குத் தாம்பரத்தில் இருக்கிறார்.

"இன்னிக்கேவா போவே? வந்தவங்க இன்னும் கை கூட கழுவல," என்றாள் அண்ணி.

இன்றைக்கேதான். அழுகை நின்றால் அவன் பேச்சு மாறும். அம்மாவை நான் ஒன்றும் செய்யவில்லை. அவள் இருந்திருந்தால் தன் பங்கையும் அவனுக்கே எழுதிவைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டே கேட்டைத் திறந்து வெளியே நடந்தேன்.