விற்பனைக்கு ஒரு பதினாலடிப் படகு

ஹலோ... ஹலோ, ஓம் தம்பி, தமிழ்தான். பொன்ஜூர் எல்லாம் வேண்டாம், தமிழிலயே கதையும்... ஓம். விளம்பரத்தில போட் ஒண்டு போட்டிருக்கிறீர், பதினாலடி அலுமினியம். அதுக்குத்தான் எடுத்தனான்... என்ர பேர் றோசலின். வீடு பார்க் எக்ஸ்டென்ஷனில. இப்ப சென்ட் லோரன்டில வேலையில நிக்கிறன், சாப்பாட்டு நேரம், காருக்குள்ள இருந்து கதைக்கிறன். அரை மணித்தியாலம் இருக்கு. நீர் ஆர், நிஷானோ?... நல்லது. நீர் இருக்கிறது லாவல்தானே?... ஓம், ஓம்.

போட் இன்னும் இருக்கோ?...

இருக்கு. மூண்டு கிழமையா இருக்கு. அதுதான் கேக்கிறன் தம்பி, இந்த விலைக்கு ஏன் ஒருத்தரும் இன்னும் எடுக்கேல்லை?...

இல்லை, இல்லை. விலை கூட எண்டு நான் சொல்லேல்லை. குறைவு எண்டு சொல்லுறன். குறைஞ்சால்தான் எனக்குப் பயம்.

எனக்குத்தான்... ஏன், பொம்பிளையள் மீன் பிடிக்கக் கூடாதோ?... மனிசனைக் கூட்டிக்கொண்டு வரவோ? மனிசன் இல்லைத் தம்பி. நான்தான் கேப்பன், நான்தான் பார்ப்பன். பதினாறு வருசம் பிடிச்சனான். பேந்து ஏழு வருசமாத் தூண்டில் தடியைத் தொடேல்லை. இப்பத்தான் திரும்பத் தொடங்கிறன்... டோரே மீன் பிடிக்க. மே மாதம் சீசன் திறக்கப்போகுது, அதுக்கு முதல் போட் தண்ணியில நிக்கோணும்.

சரி. எஞ்சின் பதினைஞ்சு குதிரைவலு எண்டு போட்டிருக்கு. ரெண்டு ஸ்ட்ரோக்கோ, நாலு ஸ்ட்ரோக்கோ?...

எத்தினை தரம் இழுத்தால் ஸ்டார்ட் ஆகும் எண்டு நான் கேக்கேல்லைத் தம்பி. பெற்றோலுக்குள்ள ஒயிலைக் கலந்து விடுறதோ, ஒயில் வேறையா விடுறதோ?...

தெரியாது. சரி. கடைசியா எப்ப ஓடினது?... போன வருசம். போன வருசம் எப்ப?...

உம்மட போட்தானே?... ஓமோ. சும்மா கேட்டனான்.

பின்பக்கப் பலகை எப்பிடி இருக்கு? எஞ்சின் பூட்டுற பலகை. ஸ்க்ரூ டிரைவரால குத்திப் பாத்தீரோ?... குத்தினால் பழுதாப் போகுமோ! நல்ல பலகை எண்டால் குத்தினாலும் இறங்காது. இறங்கினால் உக்கிப்போச்சு எண்டு அர்த்தம். உக்கின பலகையில எஞ்சினைப் பூட்டி நடு ஆத்தில முறுக்கினால், எஞ்சின் ஒரு பக்கம் போகும், நான் மற்றப் பக்கம் போவன்... சிரிக்காதையும். நான் பகிடி விடேல்லை.

அடியில தண்ணி ஊறுறதோ?... ம்... ம். எஞ்சினைப் பற்றித் தெரியாது, பலகையைப் பற்றித் தெரியாது. தண்ணி ஊறாது எண்டு மட்டும் உமக்கு வடிவாத் தெரியும்.

இல்லைத் தம்பி, போனை வையாதையும், வையாதையும். நான் இப்பிடித்தான் கேப்பன். போன கிழமை சாமான் வாங்கப் போன கடையிலயும் இப்பிடித்தான் கேட்டனான். ஏழு வருசத்தில உலகமே மாறிப்போச்சு. மீன் எங்க நிக்குது எண்டு காட்டுறதுக்கு டெலிவிசன் மாதிரி ஒண்டு விக்கிறாங்கள். தடியை எடுத்தால் அது இலேசோ இலேசு, கையில ஒண்டுமே இல்லாத மாதிரி. உடையாதோ எண்டு கேட்டால் அந்தப் பெடியன், "மடாம், இப்ப எல்லாரும் இதைத்தான் எடுக்கினம்" எண்டுறான். எல்லாரும் எடுக்கிறதை ஏன் என்ர தலையில கட்டப் பாக்கிறாய் எண்டு கேட்டுப்போட்டு, பழைய மாதிரித் தடி ஒண்டை எடுத்துக்கொண்டு வந்திட்டன்.

ஓம், பாத்தனான். தடியும் அஞ்சு சேர்த்துத் தாறன் எண்டு எழுதியிருக்கிறீர். என்ன நீளம்?... அளந்து பாரும், நான் லைனில நிக்கிறன்... கை ரெண்டும் வேணுமெண்டால் ஸ்பீக்கரில போட்டிட்டு அளவும்...

ஓம், கேக்குது, சொல்லும்... ரெண்டடியோ? மூண்டு தடியும் ரெண்டடியோ?... சின்னப் பிள்ளையளின்ர தடியோ! தம்பி, அது சின்னப் பிள்ளையளின்ர இல்லை. மாரியில ஐஸில துளை போட்டு, பக்கத்தில குந்தியிருந்து பிடிக்கிற தடி. போட்டில சரிவராது... மற்றது ரெண்டும்?... ஆறரை. அது சரி. அது டோரேக்கு அளவான தடி. ரீலில சுத்தியிருக்கிறது தங்கூசியோ, பின்னின நூலோ?... தங்கூசி எண்டால் நைலோன், கண்ணாடி மாதிரி இருக்கும்... பச்சையோ? அப்ப அது பின்னினது.

படத்தில அந்தத் தடியின்ர பிடியில கறுப்பா என்னவோ சுத்தியிருக்கு. என்ன அது?... சைக்கிள் டியூப். பிடி தடிப்பா வாறதுக்கு ஆரோ மினைக்கெட்டுச் சுத்தியிருக்கிறாங்கள். ஆர் சுத்தினது?... அதுவும் தெரியாதோ.

சரி, வேறொண்டு கேக்கிறன். போட்டின்ர முன்பக்கத்தில நம்பர் எழுதியிருக்கு. அந்த நம்பருக்குரிய பேப்பர் இருக்கோ?... எடும். எடுத்து அதில இருக்கிற பேரை வாசியும்...

இல்லை, நம்பரை இல்லை. பேரை...

இரவிச்சந்திரன்.

நீர் நிஷான்.

தம்பி, நேரா ஒண்டு கேக்கிறன். கோவிக்காதையும். இந்தப் போட் களவெடுத்ததோ?... கத்தாதையும்... கத்தாதையும், கத்தினால் எனக்கு இன்னும் சந்தேகம் கூடும். நீரே சொல்லும், ஸ்ட்ரோக் தெரியாது, தடி தெரியாது, பேப்பரில வேற ஆற்றையோ பேர், விலையும் அடிமட்டம். என்ர இடத்தில நீர் இருந்தால் என்ன நினைப்பீர்? நான் இப்ப பொலிசுக்குத்தான்...

ஆர்? அப்பாவோ?...

உம்மட அப்பாவின்ர போட். அட, இதை முதலே சொல்லுறதுக்கென்ன?... ஓம்... ஓம். மன்னிச்சுக் கொள்ளும் தம்பி, அவர் எப்ப மோசம் போனவர்?...

இருக்கிறாரோ?

அங்கயோ? வீட்டிலயோ?... அப்ப ஏன் என்னோட இவ்வளவு நேரம் தெரியாது தெரியாது எண்டு மாரடிக்கிறீர்? அவரட்டக் குடும், நான் ரெண்டு நிமிசத்தில கேட்டு முடிச்சிடுவன்... நித்திரையோ? மத்தியானம் பன்னிரண்டு மணிக்கோ?... தம்பி, உம்மட குரல் ஏன் இப்பிடி இறங்கிப் போச்சு? எங்க நிக்கிறீர்?... கராஜுக்க. கதவையும் பூட்டிப்போட்டு நிக்கிறீர்.

விக்கிறது அவருக்குத் தெரியாது. என்ன?

...

சொல்லும். நான் ஒண்டும் கதைக்கேல்லை, நீர் சொல்லும்... ஓம்... பக்கவாதம். எந்தக் கை?... ஓ. அதுக்குத்தான் அந்த டியூப்... ஓம்... போன ஒக்டோபர். தனியவோ போனவர்? ஒரு கையோடயோ?... கடவுளே... எஞ்சின் நிண்டிட்டுது, இழுக்க ஏலாது... வேகமாப் பாயிற நீரோட்டத்துக்குக் கிட்டவோ? அந்தக் கல்லுகள் இருக்கிற பக்கமோ?... வேற போட்காரர் கட்டி இழுத்துக்கொண்டு வந்தவையோ. அதுவரைக்கும் நீர் எங்க நிண்டனீர்?... கரையில. நாலு மணித்தியாலம்...

ஓம். ஓம் தம்பி. உமக்கு அவரில பாசம் இல்லை எண்டு நான் சொல்லேல்லை. பயந்துபோய்ச் செய்யிறீர், எனக்கு விளங்குது. எனக்கு விளங்காட்டி ஆருக்கு விளங்கும்.

ஒண்டு சொல்லுறன், கேளும். ஏழு வருசத்துக்கு முந்தி என்ர மனிசன் அன்டனுக்கு இருதயத்தில ஒப்பரேசன். ஒண்டரை மாதம் ஆஸ்பத்திரியில கிடந்தவர். இனிப் பாரம் தூக்கக் கூடாது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். நான் என்ன செய்தனான் தெரியுமோ? அவர் அங்க கட்டில்ல கிடக்க, வீட்டுக்குப் பின்னால நிண்ட எங்கட போட்டை வித்தனான். ட்ரெயிலர், தடி, பெட்டி, எல்லாத்தோடையும். ரெண்டே நாள். வாங்க வந்தவன் கேட்டவன், உன்ர புருசனுக்குத் தெரியுமோ எண்டு. தெரியும் எண்டனான்.

...

அன்டன் வீட்ட வந்து யன்னலால பாத்தார்... இல்லை, சண்டை பிடிக்கேல்லை. ஒரு வார்த்தை ஏசேல்லை. "வலையையும் கொண்டு போட்டானோ" எண்டு மட்டும் கேட்டவர். மீன் தூக்கிற கைவலை. அவர் தன்ர கையால முடிஞ்சது. ஓம், கொண்டு போட்டான் எண்டனான். அவ்வளவுதான். அதுக்குப் பிறகு மூண்டு வருசம் உயிரோட இருந்தவர். அந்த மூண்டு வருசமும் நாங்கள் ரெண்டு பேரும் ஆத்துப் பக்கம் போகேல்லை, அதைப் பற்றிக் கதைக்கவும் இல்லை.

ஆனபடியால் என்னை வாங்கச் சொல்லிக் கேக்காதையும். அவரைக் கேக்காமல் நான் வாங்க மாட்டன்... விலையைக் குறைக்காதையும்! நான் என்ன சொல்லுறன், நீர் என்ன சொல்லுறீர்?...

என்ன சத்தம்?... கதவோ?... ஆர் தட்டுறது?...

அவரோ? இன்னும் ஸ்பீக்கரிலயோ வைச்சிருக்கிறீர்? அப்ப எல்லாம் கேட்டிருப்பார்... திறவும் தம்பி. ஒளிச்சது காணும். திறவும்.

ஹலோ?... ஹலோ...

வணக்கம் அண்ணை... நான் ஒரு கம்பனியும் இல்லை அண்ணை, தனி ஆள். றோசலின்... ஓம், உங்கட போட்டை வாங்கத்தான் எடுத்தனான்... ஏசுங்கோ... ஓம்... ஓம், ஏசுங்கோ. உங்கட மகனைக் களவாணி எண்டு நானே சொன்னனான், நீங்கள் என்னைச் சொல்லுறதில ஒரு பிழையுமில்லை... ஆர் அனுப்பினது? என்னை ஒருத்தரும் அனுப்பேல்லை. நானும் உங்கட மகனும் கூட்டில்லை, அவரை எனக்கு இருபது நிமிசமாத்தான் தெரியும்.

அவர் செய்தது பிழைதான். அதுக்கு நான் வக்காலத்து வாங்கேல்லை. ஆனால் அண்டைக்கு நாலு மணித்தியாலம் கரையில நிண்டவராம். உங்களுக்குத் தெரியுமோ அது?...

தெரியாது. அவர் சொல்லேல்லை. நீங்களும் கேக்கேல்லை.

...

ஆ?... என்னட்டை என்ன தடி இருக்கெண்டோ?... ஆறரை அடித் தடிதான், நடுத்தரம்... எட்டு இறாத்தல் தங்கூசி... ஏன் சிரிக்கிறியள்?... பின்னின நூலோ நல்லது? கடைக்காரப் பெடியனும் இதைத்தான் சொன்னவன். உங்களுக்கும் அந்தக் கடையில பங்கோ?... ம்... மீன் தொட்டாலே கைக்குத் தெரியுமோ?... ஓ, ஒரு கையால பிடிக்கிறதுக்கு அதுதான் வசதியோ. சரி, சரி. யோசிச்சுப் பாக்கிறன்.

பலகையோ?... உக்கிப்போச்சோ! பாத்தியளோ, நான் கேட்டனான். தண்ணியும் ஊறுதோ?... நடு இருக்கைக்குக் கீழ. மூண்டு ரிவெட் இளகியிருக்கு. உங்கட மகன் ஒரு சொட்டும் வராது எண்டு அடிச்சுச் சொன்னவர்... இல்லை, இப்ப ஏசாதையுங்கோ, நான் வைச்ச பிறகு ஏசுங்கோ. வடிவா ஏசுங்கோ. மனசுக்குள்ள வைச்சிருக்காமல் ஏசி முடியுங்கோ அண்ணை.

... அன்டன் என்னை மன்னிச்சவரோ எண்டோ கேக்கிறியள்?

...

தெரியாது அண்ணை. நான் கேக்கேல்லை. கேக்கப் பயமா இருந்தது... ஓம்... ஓம்.

விக்க மாட்டியள்... நல்லது. உண்மையாத்தான் சொல்லுறன், உங்கட வாயால கேட்டிட்டன், காணும். நான் வேற போட் பாக்கிறன். சந்தோசம் அண்ணை, அப்ப நான்...

என்ன?... சனிக்கிழமையோ? எதுக்கு?... அண்ணை, என்னத்துக்கு எண்டு சொல்லுங்கோ, சும்மா வா வா எண்டால் நான் வர மாட்டன்... பலகை மாத்தவோ. ஆர் மாத்திறது?... நானோ!... உங்களுக்கு ஒரு கை, எனக்கு ரெண்டு எண்டால் நான்தானோ தச்சன்?... அதுக்குப் பிறகு?... ம்... சேர்ந்து மீன் பிடிக்கப் போவமோ. போட்டில ஆர் எஞ்சினை இழுக்கிறது?... ஆ. இப்ப விளங்குது. ஏன் திடீரெண்டு இவ்வளவு அன்பு எண்டு பாத்தன்.

மகனும் வருவாரோ? அவர் இல்லாமல் நான் போட்டில ஏற மாட்டன்... என்ன செய்யிறார்?... கராஜ் வாசல்ல இருக்கிறாரோ? அப்ப அவரைக் கேளுங்கோ. எனக்காக இல்லை, நீங்களாக் கேளுங்கோ. போனைக் கீழ வைச்சிட்டுப் போய்க் கேளுங்கோ. நான் நிக்கிறன்.

...

...

ஹலோ?... ஓம் அண்ணை, நிக்கிறன். என்ன சொன்னவர்?... மூண்டு பேரும் மிதவைச் சட்டை போட்டால் வாறாராம். அது நியாயம்தானே... நீங்கள் போட மாட்டியளோ? ஏன்?... கை நுழைக்கக் கஷ்டமோ. அதுக்கு முன்பக்கம் கொழுவுற சட்டை இருக்கு, கடையில என்ர கண்ணால பாத்தனான்... வெக்கமோ? ஆத்தில ஆர் உங்களைப் பாக்கப்போகினம்?... இல்லை... இல்லை அண்ணை. சட்டை போடாட்டி நான் எஞ்சினைத் தொட மாட்டன். பலகையை மாத்திப்போட்டு வீட்ட போய்டுவன்... கோவிச்சாலும் அதுதான் கதை.

...

அண்ணை, எனக்கு வேலைக்கு நேரமாகுது, ஆக்கள் எல்லாம் உள்ள போகினம். உங்கட நெஞ்சளவு என்ன?... ஓம், நெஞ்சைச் சுத்தி... தெரியாட்டி மகனைக் கொண்டு அளவுங்கோ, தடி அளந்த நாடா அங்கதானே கிடக்கும்...

ஓம்... என்ன, ரெண்டு பேரும் சண்டை பிடிக்கிற சத்தம் கேக்குது... அசையாமல் நில்லுங்கோ எண்டு அவர் சொல்லுறார், நில்லுங்கோவன் அண்ணை...

நாப்பத்திரெண்டு. சரி, எழுதிட்டன். வைக்கிறன்.