கம்பளி போர்த்திய பாட்டு

ஹெட்போன் கம்பியைச் சுருட்டி வைக்கத் தெரியாதவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. என் தம்பி அப்படிப்பட்டவன். கழற்றிப் போட்டது போட்டபடி கிடக்கும். பதினைந்து வருஷமாக நான்தான் சுருட்டி ஆணியில் மாட்டினேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அவன் ராக் பேண்டில் பாடுகிறவன், கிட்டாரும் அவனே. நான் அவர்களுடைய ஒலிப்பதிவாளர். அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயது, எனக்கு இருபது. சோறு போட்டதும் நான், முதல் கிட்டார் வாங்கிக்கொடுத்ததும் நான். பேண்டில் மற்ற மூவரும் அவனுக்கு வைத்த பெயர் 'இன்னொருவாட்டி'. எதைப் பதிவு செய்தாலும் கடைசியில் அதைத்தான் சொல்வான்.

முதல் ஆல்பத்தை நான் கலந்து முடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன். குரல், டிரம்ஸ், கிட்டார் எல்லாவற்றையும் அளவாகச் சேர்ப்பதைத்தான் கலப்பது என்போம். நான் போனதும் அவன் உட்கார்ந்து எல்லாக் குமிழ்களையும் திருகியிருக்கிறான். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆல்பம் வெளிவந்ததும் ஒரு பத்திரிகை எழுதியது: 'பாட்டுகள் அருமை. ஆனால் ஒலிப்பதிவாளர் எல்லாவற்றையும் கம்பளி போர்த்தி மூடிவிட்டார்.' கூடவே என் பெயர், ஓர் எழுத்துகூடப் பிழையில்லாமல்.

தம்பியிடம் காட்டினேன். "விடுக்கா, அவனுக்கு என்ன தெரியும்," என்று சிரித்தான். போர்த்தியது யார் என்று யாரிடமும் அவன் வாய் திறக்கவில்லை. இரண்டு வருஷம் வேறெந்த பேண்டும் என்னைக் கூப்பிடவில்லை. கோபம் வந்ததா என்று கேட்டீர்கள். வந்தது.

இரண்டாவது ஆல்பத்துக்கு மூன்று வருஷம் பிடித்தது. நான் கலந்தது நன்றாக வந்திருந்தது. சும்மா சொல்லவில்லை, டிரம்மர் கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் ஆல்பம் வெளியிடும் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். தம்பியும் கேட்டான்.

"நல்லாத்தான் இருக்குக்கா. நீ வீட்டுக்குப் போ, நான் கொஞ்சம் தொட்டுப் பார்க்கறேன்."

"எதைத் தொடப்போற?"

"தெரியல. தொட்டாத்தான் தெரியும். காதுக்கு என்னமோ இடிக்குது."

காதுதான் தொல்லை என்று அவனே சொன்னான், நான் சொல்லவில்லை.

சரி, போகிறேன், அதற்கு முன்னால் ஒரே ஒரு வரியை மறுபடி பாடு என்றேன். இன்னொருவாட்டி என்றால் மாட்டேன் என்பானா? பாடும் அறைக்குள் போய்க் கிட்டாரை மாட்டிக்கொண்டு ஹெட்போனைப் போட்டான். சத்தத்தை எப்போதும் உச்சத்தில் வைப்பான்; கதவைச் சாத்தும் முன் நான் தினமும் அதைக் குறைத்துவிட்டு வருவேன். அன்று குறைக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று டாக்டரிடம் சொன்னது பொய். கருவிகளைச் சோதிக்க ஒரு கூவல் ஒலி வைத்திருப்போம். அதை அவன் காதுக்குள் முழுசாகத் திறந்துவிட்டேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை.

பதினோரு நொடி. நான் நிறுத்தியிருக்கலாம், ஆனால் அவனும் சீக்கிரம் கழற்றியிருக்கலாம். கம்பி கிட்டார் வாரிலும் கழுத்திலும் சுற்றிக் கிடந்தது. சொன்னேனே, ஒழுங்காக வைக்கமாட்டான்.

வலது காது அடியோடு போயிற்று. இடது காதில் இரைச்சல் மட்டும் மிச்சம். இயந்திரக் கோளாறு என்று எல்லோரும் நம்பினார்கள். ஆஸ்பத்திரியில் அவன் என் கையை விடவே இல்லை.

ஆல்பம் நான் கலந்தபடியே வெளிவந்தது. 'கலந்தவருடைய காதுக்கு ஒரு கும்பிடு' என்று அதே பத்திரிகை எழுதியது. அவனிடம் காட்டினேன். என்னைவிட அவனுக்குத்தான் சந்தோஷம்.

இப்போது என்னோடுதான் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆல்பத்தைப் போடுவேன். ஸ்பீக்கர்மேல் உள்ளங்கையை வைத்தபடி கடைசிவரை உட்கார்ந்திருப்பான். போன ஞாயிறு திரும்பிப் பார்த்துச் சொன்னான், தனக்கே கேட்காத குரலில்: "அக்கா, மூணாவது பாட்டுல பேஸ் அதிர்வு கொஞ்சம் ஜாஸ்தி. இன்னொருவாட்டி பார்க்கலாமா?"

அவன் குளிக்கப் போனதும் போட்டுக் கேட்டேன். ஜாஸ்திதான்.

அன்றிலிருந்து அவன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஸ்டுடியோக் கதவு இரும்பு, நல்ல கனம். நாளைக்கு அங்கே கூட்டிப்போகிறேன் என்று அவனிடம் எழுதிக் காட்டியிருக்கிறேன். அதற்குள் நானாகவே போலீஸ் ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டேன். தம்பிமேல் பாசம் இல்லாதவள் இப்படி வருவாளா, நீங்களே சொல்லுங்கள்.