ஒரே பேரில் இரண்டு கம்ப்யூட்டர்

வேம்பாரிலிருந்து தூத்துக்குடி போகிற பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு பெண்ணும் அவள் தம்பியும். அவள் மடியில் கைப்பிள்ளை தூங்கியது. காதிலிருந்த போனைப் பொத்திக்கொண்டு தம்பியிடம் சொன்னாள்.

"மாடில கொழுந்தன் கம்ப்யூட்டருக்கு, கீழ இருக்க ஒங்க அத்தான் லேப்டாப்ப வைஃபைல தெரியவே மாட்டேங்காம்ல. ராத்திரி கப்பலுக்குப் போறாவ. பிள்ள ஞானஸ்நான வீடியோ மாடியிலயே கெடக்கு."

"பென்டிரைவ்ல ஏத்தச் சொல்லுக்கா."

"அத போன தடவ கப்பல்லயே விட்டுட்டு வந்துட்டாவ."

"சரி, ரெண்டுக்கும் என்ன பேரு வச்சிருக்காவ?"

"அந்தோணி. அண்ணனும் தம்பியும் ஆளுக்கொண்ணுக்கு அவிய அப்பா பேர வச்சிருக்காவ."

எங்கள் பக்கம் அப்படித்தான். என் சின்ன வயதில் அந்தோணி என்று கூப்பிட்டால் பாதித் தெரு திரும்பிப் பார்க்கும்.

"ஒரே பேருன்னா ஒண்ணுக்கொண்ணு தெரியாதுக்கா. லேப்டாப்புக்கு பிள்ள பேர வைக்கச் சொல்லு."

"ஏலே, பிள்ளைக்கும் தாத்தா பேருதான."

தம்பி சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை. போனைப் பொத்தியிருந்த கையை எடுத்தாள். பிறகு போனில் மெதுவாகச் சொன்னாள்.

"ஏங்க, கப்பலுக்குக் கொண்டுபோறதுக்கு எம்பேர வைங்க."

பேரை மாற்றி, லேப்டாப்பை ஒருமுறை அணைத்துப் போட வேண்டும் என்றான் தம்பி. போனை வைக்காமல் காத்திருந்தாள்.

"வந்துட்டா? சாமியாரு தண்ணி ஊத்துறது தெரியுதா? சரி, இப்பமே பாக்காதிய. கப்பல்ல போயிப் பாருங்க."