டெல்மார் பக்கத்துல ஒரு குழி

அந்தக் கல்லறக் கல்லுப் பேச்ச மட்டும் எடுக்காத தம்பி. பிஷப்பா இருந்தா எனக்கென்ன, ஞாயித்துக்கெழம போனா டயர் விக்கிறவன்தான நீ? உக்காரு. அந்த உருளைக்கெழங்குத் தட்ட அங்கிட்டு வையி. சாவு வீடுன்னா உங்க சபைப் பொம்பளைங்களுக்கு இதத் தவிர வேற எதுவுமே ஆக்கத் தெரியாதா?

தெரியும், தெரியும். என் பொண்டாட்டி வெர்லாவ அவ மொதப் புருசன் டெல்மார் பக்கத்துலதான் பொதைக்கணும். கோயில்ல அவனோடதான முடிச்சுப் போட்டாங்க, செத்தாலும் அறாத முடிச்சு! எட்டு மாசம் குடும்பம் நடத்துனான், டிராக்டர் கவுந்துச்சு, போய்ச் சேந்தான். நாப்பத்தஞ்சு வருசம் அவளோட குப்ப கொட்டுனவன் இந்த ஆர்டன். அவ மூச்சு நின்னதோட, சாவு வரைக்குந்தான்னு பண்ணி வெச்ச என் கல்யாணம் மட்டும் முடிஞ்சுபோச்சாம். நான் என்னய்யா, வாடகைக்கா குடியிருந்தேன்?

ஆம்பளைக்கு மொத பொண்டாட்டி செத்தா ரெண்டாவதையும் சேத்து முடிச்சுப் போடுறீங்கல்ல? பொம்பளைன்னா உசுரோட இருக்கறவரைக்கும் ஒருத்தன்தான். நல்லா இருக்குய்யா நியாயம்!

புள்ளைங்களா? ம், அதையும் சொல்லிரு. மூணும் எனக்குப் பொறந்துச்சு. காய்ச்சல்னா தோள்ல போட்டுக்கிட்டு அலைஞ்சவன் நானு. முடிச்சு அவனோடங்கறதால பரலோகத்துல அப்பன் மட்டும் டெல்மாரு! அவன் கல்லுக்குப் பின்னாடி புள்ளைங்க பேரச் செதுக்கிரலாமான்னு அவன் அண்ணன் கேக்குறான். வெக்கமே இல்லாம கேக்குறான்! டெல்மார் செத்து ரெண்டு வருசங்கழிச்சுல்லய்யா எனக்கு மூத்தவ பொறந்தா?

என்னது? நானும் செத்தப்பறம், எனக்கும் அவளுக்கும் பதிலா யாராச்சும் கோயில்ல நின்னு முடிச்சுப் போடலாமா? அப்ப அவ ரெண்டு பேருக்குமா? ஓ, மேல போனா ஆண்டவரு தீத்து வெப்பாரு. அங்கயும் பஞ்சாயத்துதானா! எல்லாரும் எளவட்டமா எந்திரிப்போம்னு வேற சொல்றீங்க. எந்திரிச்சு? அவனும் அவளும் கை கோத்துக்கிட்டுப் போறத நான் ஓரமா நின்னு வேடிக்க பாக்கணுமா?

விடு. அவன் பக்கத்துலயே குழி வெட்டச் சொல்லு. ஏன் அப்படிப் பாக்குற? மனசெல்லாம் மாறல. இன்னும் வயிறெரியுது எனக்கு. புள்ளைங்க பேர்ல எவனாச்சும் உளியக் கொண்டாந்தான், நடக்கறதே வேற.

காலையில அவ கண்ண முழிச்சாய்யா. நாலு நாளா முழிக்கவே இல்ல. என் கையத்தான் கெட்டியாப் புடிச்சா. வந்துட்டியா டெல்மார்னு கேட்டா. அப்படி ஒரு சிரிப்பு, எங்கிட்ட ஒரு நாளும் அப்படிச் சிரிச்சதில்ல.

நான் என்னத்தச் சொல்ல? வந்துட்டேன்னுதான் சொன்னேன்.