வழியில் நின்ற சிப்பாய்

— “ஒன்பதாம் தேதி, செவ்வாய். மாலை சதுரங்க வகுப்புக் கடைசி ஆட்டத்துல அஞ்சாவது நகர்த்தலை அடிச்சுத் திருத்தி எழுதிட்டேன். கவனக்குறைவு, என் தப்புதான்.” மாஸ்டர் பார்த்தா இது போதும்ல?

— நான் கதவை எத்தனை தடவை படார்னு சாத்தினேன்னும் தப்பெல்லாம் குறிக்கிற அதே நோட்டுல எழுதியிருக்கீங்களே, அதையும் காட்டுங்க.

— அதை விடு. நீ கறுப்புக் காயை நகர்த்து. நம்ம ஆட்டத்தை நாலு தடவை வச்சுப் பார்த்துட்டேன், ஆறாவது நகர்த்தல்ல வந்து சிக்கி நிக்குது. முகாம்ல முதல் நாளே இந்தத் தொடக்கத்தை விளக்கச் சொல்வாங்களாம்.

— நாள் பூரா கண்ணாடிக் கடையில லென்ஸ் தேய்ச்சுட்டு வந்திருக்கேன். புருஷன்கிட்ட தோத்ததைத் திரும்ப உட்கார்ந்து வேற தோக்கணுமா?

— ஒரே ஒரு தடவைம்மா. ராஜா முன்னாடி சிப்பாய், ரெண்டு கட்டம். நீயும் அதே. குதிரை, குதிரை. மந்திரி, மந்திரி. நான் கோட்டை கட்டறேன், நீ இன்னொரு குதிரை. அஞ்சாவது, என் இன்னொரு குதிரை. நீ சிப்பாய், ஒரு கட்டம். ஆறாவது, என் இன்னொரு மந்திரி வந்து உன் குதிரையை மடக்குது.

— மடக்கட்டும்.

— எப்படி மடக்கும்? வழியில இன்னும் நகர்த்தாத என் சிப்பாயே நிக்குது.

— குதிரைதான் தாண்டும்.

— அதைத்தான் சொல்றேன். எப்பவும் அஞ்சாவதுல அந்தச் சிப்பாயைத் தள்ளிட்டுத்தான் மந்திரியை எடுப்பேன். இந்தத் தடவை குதிரையை எடுத்துட்டேன், ஆனா மனப்பாடம், கை தானா மந்திரிக்குப் போயிருக்கு. அப்புறம் எட்டாவதுல தள்ளியிருக்கேன். அதனால கடைசியில பலகையைப் பார்த்தவங்களுக்கு ஒண்ணும் தெரியல.

— சரி, முடிஞ்சு போச்சு. பெட்டியை அடுக்குங்க. நாளன்னிக்கு வண்டி.

— எப்படி அடுக்கறது? ஒரு மாச முகாம். ஜெயிச்சவங்களுக்கு ஒரே ஒரு இடம். செல்லாத ஆட்டத்துல ஜெயிச்சுட்டு நான் போய் உட்காரறதா? அது உன் இடமா இருந்திருக்கலாம்.

— சும்மா குறுக்கும் நெடுக்கும் நடக்காதீங்க, தலை சுத்துது.

— உன் தாள்லயும் இப்படியேதான் எழுதியிருக்க. லென்ஸ்ல மயிரிழை கீறல் இருந்தாலும் கண்டுபிடிக்கிறவ. உனக்கு எப்படித் தெரியாமப் போச்சு?

— தெரிஞ்சுது.

— எப்போ?

— நீங்க மந்திரியை விட்டுக் கையை எடுக்கறதுக்கு முன்னாடியே.

— பின்ன ஏன் வாயைத் திறக்கல? பாவம்னு விட்டுக்கொடுத்தியா? அப்படி ஒண்ணும் எனக்கு வேண்டாம். நாளைக்கு மாஸ்டர்கிட்ட சொல்லிடுவேன்.

— சொல்லுங்க. நாளைக்கு ஆறு மணிக்கு, வகுப்பு தொடங்கறதுக்கு முன்னாடி, திரும்ப ஆடலாம். நான் ஜெயிச்சா நான் போறேன். யார் போனாலும் சரி, ஒரு மாசம் நீங்க இல்லாம இருந்து பார்க்கணும் எனக்கு.