நாலாம் கார்பன்

வேம்பு: அந்தப் பேப்பரை இன்னும் எத்தன தரம் படிப்பீங்க? படிச்சா எழுத்து மாறிடுமா?

அரிகிருஷ்ணன்: மாறாதுதான்... கண்ணு அங்கயே போவுது வேம்பு. புதுசா வர்றது மூணாம் கார்பன்ல ஒட்டும்னு நாம அச்சுல போட்டோம். பிரான்சுல நாலுன்னு நிரூபிச்சுட்டாங்க. அதுவும் நான் ஆராய்ச்சிக்கு எடம் கேட்ட அதே லேபுல.

வேம்பு: அப்ப உங்க எடம்...?

அரிகிருஷ்ணன்: இல்லன்னு எழுதிட்டாங்க. மெர்சி, நன்றின்னு எல்லாம் சொல்லி, ரொம்ப மரியாதையா.

வேம்பு: ஐயோ...

அரிகிருஷ்ணன்: எழுபத்தெட்டாம் வருசம் பொறந்தா பிரான்சுன்னு அம்மாகிட்ட பீத்திக்கிட்டேன். இனிமே தட்டாஞ்சாவடி சோப்பு கம்பெனிதான். அப்பா மில்லுல நூலு, நான் நுரை.

வேம்பு: வெளையாடாதீங்க.

அரிகிருஷ்ணன்: அழுதா உனக்குப் புடிக்காதே.

வேம்பு: வீராம்பட்டினத்துல எங்க அப்பாவுக்கு வெளக்குனீங்களே, ஞாபகம் இருக்கா? ஒவ்வொரு கார்பனும் பக்கத்து அணுவ எவ்வளவு கெட்டியா புடிச்சிருக்குன்னு ஒரு எண்ணு...

அரிகிருஷ்ணன்: புடிக்கக்கூடிய மொத்தத்துல அதக் கழிச்சா, இன்னும் புடிக்க எவ்வளவு மிச்சம்னு இன்னொரு எண்ணு. மிச்சம் அதிகமா இருக்குற எடத்துலதான் புதுசா வர்றது ஒட்டும்.

வேம்பு: இப்பவும் வல பின்னிக்கிட்டே கேக்குறாரு, "எந்தக் கார்பன் கையி சும்மா இருக்கு?"ன்னு.

அரிகிருஷ்ணன்: மூணுதான் சும்மா இருக்குன்னு என் கணக்கு சொல்லுச்சு. நீயும் இந்த லேபுலயே செஞ்சு பாத்து, ஆமான்ன.

வேம்பு: ...ஆமான்னேன்.

அரிகிருஷ்ணன்: ஏன் கொரலு எறங்குது?

வேம்பு: ஒண்ணுமில்ல. காஸ் வாட.

அரிகிருஷ்ணன்: காஸே தொறக்கலியே.

வேம்பு: அரி... நான் செஞ்ச பொருளு, மூணாம் கார்பன்ல ஒட்டியிருந்தா உருக வேண்டிய சூட்டுல உருகல. ரொம்ப முன்னாடியே உருகிடுச்சு.

அரிகிருஷ்ணன்: அப்படின்னா...

வேம்பு: நாலுதான். திரும்பத் திரும்பப் பாத்தேன். ஆனா நீங்க சாயந்தரம் பூரா கதவுகிட்டயே நின்னீங்க. அந்த ஒரு பதில்லதான் பிரான்சே இருக்குன்னு... உங்க மொகத்தப் பாத்ததும் வாயி "மூணு"ன்னுடுச்சு.

அரிகிருஷ்ணன்: வேம்பு...

வேம்பு: குறுக்க பேசாதீங்க, அப்புறம் என்னால சொல்ல முடியாது. உங்க வாழ்க்கைய நாந்தான் கெடுத்தேன். அன்னிக்கு உள்ளத சொல்லியிருந்தா கணக்க நீங்க மறுபடி பாத்திருப்பீங்க. தப்பு ஆப்ட்டிருக்கும்... திட்டவாவது செய்ங்க.

அரிகிருஷ்ணன்: மறுபடி பாத்தேன் வேம்பு. அச்சுக்கு அனுப்புறதுக்கு முந்தியே பாத்தேன். நம்ம பொருளுல இருக்குற நைட்ரஜன் அந்தக் கார்பன் வளையத்துக்கு ஒரு எலக்ட்ரான்தான் குடுக்கும். நான் ரெண்டுன்னு போட்டுத் தொலச்சிருந்தேன். திருத்தினா நாலுதான் வந்துது. ஆனா நீ மூணுன்னு சொல்லிட்டியே... உன்னப் பொய்யாக்க மனசு வரல. சரியான கணக்கக் கிழிச்சுப் போட்டுட்டுத்தான் தப்பான கணக்க அனுப்புனேன்.