இரண்டாம் ஆளின் ஒப்புதல்

உங்கள் விசாரணை அறைக் கருங்காப்பியில் சர்க்கரை கொஞ்சம் அதிகம், ஐயா, பரவாயில்லை, குடிக்கிறேன்.

நான் மாலை வகுப்பில் கணினி நிரல் எழுதக் கற்றவன். அதனால் எதையும் இரண்டு முறை சரிபார்ப்பேன். என்னோடு வேலை செய்த யுர்லேயோ பல்கலைக்கழகத்தில் படித்தவள். ஒரே முறையில் சரியாக எழுதிவிடுவாள். காவுகா ஆற்றில் வெள்ளம் ஏறினால் கரைக் குடியிருப்பில் அபாயச் சங்கை ஒலிக்கவைக்கும் நிரல் எங்கள் இருவர் பொறுப்பு.

ஒருவர் செய்த மாற்றத்தை இரண்டாம் ஆள் படித்து ஒப்புக்கொண்ட பிறகே அது ஓடும் நிரலில் சேர வேண்டும். இந்த விதியை எழுதியவன் நான். யுர்லேய்க்கு இரண்டாம் ஆளும் நான்தான்.

மழை தொடங்கியபோது அவள் ஒரு மாற்றம் அனுப்பினாள். ஆற்றின் மேல்புறத்து மேட்டிலுள்ள நீர்மட்டமானி பழுதானால், பழைய நிரல் ஆறு அமைதியாக இருப்பதாக எடுத்துக்கொள்ளும். அவளுடையது சங்கை ஒலிக்கவைக்கும்.

"டேய் எய்தெர், பார்த்தியா இல்லையா? கோழி அடைகாக்கிற மாதிரி உட்கார்ந்திருக்க. எங்கம்மா அந்தக் கரையிலதான்டா இருக்காங்க."

"பார்த்துட்டுதான் இருக்கேன். அவசரப்பட்டா தப்பு வரும்."

"நீ பார்த்து முடிக்கறதுக்குள்ள ஆறே வத்திடும் போ."

அலுவலகமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

வெள்ளிக்கிழமை அவள் பொறுமையிழந்து, என் ஒப்புதல் இல்லாமலே அதைச் சேர்த்துவிட்டாள். சனிக்கிழமை நான் அதை விலக்கி முந்தைய நிரலை மீட்டுவைத்தேன். ஒரே கட்டளைதான். அவளிடம் சொல்லவில்லை. மாற்றப் பதிவில் இருக்கிறதே, பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதில் நான் செய்தது சரியா என்று இன்னும் யோசிக்கிறேன்.

ஞாயிறு பிற்பகல் மேட்டில் இடி விழுந்து மானி செயலிழந்தது. ஆறு ஏறியது. சங்கு ஒலிக்கவில்லை. யுர்லேய் அன்று அம்மா வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தாள். தண்ணீர் வந்தால் சங்கு சொல்லும் என்று நம்பி உட்கார்ந்திருப்பாள். அந்தத் தெருவில் இப்போது வெறும் சேறு.

திங்களன்று அவள் மாற்றத்தைத் திரும்பச் சேர்த்தேன், இம்முறை முறைப்படி, என் ஒப்புதலோடு. மேலாளர் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

அதை முன்பே படித்தேனா என்று கேட்கிறீர்கள். அனுப்பிய அன்றே படித்தேன். பிறகு தினமும் படித்தேன். ஒரு பிழையாவது கிடைத்திருந்தால் திருத்தச் சொல்லி ஒப்புக்கொண்டிருப்பேன். கிடைக்கவே இல்லை, ஐயா. அதை நிறுத்திவைக்க விதியைத் தவிர எனக்கு வேறு வழி இருக்கவில்லை.